புடைத்து நிற்கும் மலைகளும் சரியும் பட்டைகளும்: ஒரு சுவர்ப் படமும் ஓர் இணையச் சேவையும்

நாடுகள் ஏன் எழுகின்றன, ஏன் தேய்கின்றன என்ற கேள்விக்கு வீட்டுக் கூடத்தில் இருந்தபடியே விடை தேட விரும்புகிறவருக்கு இன்று இரண்டு கருவிகள் எளிதில் கிடைக்கின்றன. ஒன்று, மலைகளையும் பீடபூமிகளையும் விரலால் தடவி உணரும்படி பிளாஸ்டிக் தாளில் புடைக்கச் செய்த உலகப் படம். மற்றொன்று, ஐக்கிய நாடுகள் சபையின் மக்கள்தொகைப் பிரிவு இலவசமாக வழங்கும் உலக மக்கள்தொகைக் கணிப்பு இணையதளம். முன்னதற்கு 3,800 ரூபாய் கொடுத்தேன். பின்னதற்குச் செலவு இணைய இணைப்புக்கானது மட்டுமே. எட்டு மாதங்களாக இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தி வருகிறேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே ஓரளவு ஏமாற்றுகின்றன. ஒன்றின் ஏமாற்றை மற்றொன்றை வைத்துத் திருத்திக்கொள்ளக் கற்றவருக்கு இரண்டுமே நல்ல கருவிகள். அதனால்தான் இவற்றுக்குத் தனித்தனி மதிப்புரை எழுதாமல் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் படம். அகலம் ஒரு மீட்டர், உயரம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். அச்சிட்ட பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அச்சின் மேல் இழுத்து உருவாக்கியிருக்கிறார்கள். இத்தகைய படத்தைச் சுருட்டக் கூடாது என்பது தயாரித்தவருக்குத் தெரியும். கொண்டுவந்து கொடுத்த கொரியர் நிறுவனத்துக்குத் தெரியவில்லை. முதல் படம் சாக்குப் பையில் பாய் போலச் சுருட்டிக் கட்டப்பட்டு வந்தது. பிரித்துப் பார்த்தபோது இமயமலை சப்பையாகிக் கிடந்தது. ஆண்டிஸ் மலைத்தொடரின் நடுவில் இல்லாத ஒரு பள்ளத்தாக்கு உருவாகியிருந்தது. முறையிட்டதும் விற்றவர் மறுபேச்சின்றி வேறொன்றை அட்டைப் பலகைகளுக்கு நடுவே தட்டையாக வைத்து அனுப்பினார் என்பதையும் சொல்ல வேண்டும். அது வந்துசேரப் பதினொரு நாட்கள் ஆயின. அச்சு தெளிவு, நிறங்கள் கண்ணை உறுத்தவில்லை, மேற்பரப்பு விளக்கொளியில் பளபளத்துத் தொந்தரவு செய்யவில்லை. துருவங்களை ஒட்டிய நிலங்களைப் பெரிதாக்கிக் காட்டும் மெர்கேட்டர் முறையில் வரைந்த படம் இல்லை என்பதை வாங்கும் முன்பே கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அந்த முறையில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் பதினான்கு மடங்கு பெரியது. நிலத்தின் பரப்பே பிழையாகத் தெரியும் படத்தை வைத்து நாடுகளின் வலிமையைப் பேசத் தொடங்குவது வீண் வேலை.

ஆனால் பரப்பைச் சரியாகக் காட்ட முயன்ற இந்தப் படம் உயரத்தில் மிகைப்படுத்துகிறது. அதற்கு வேறு வழியும் இல்லை. பூமியின் நடுக்கோட்டுச் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். அதை ஒரு மீட்டருக்குள் அடக்கினால் 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட் சிகரம் கால் மில்லிமீட்டர்கூட எழாது. ஒரு கோட் பெயின்ட் பூசினால் மறைந்துபோகும். என் படத்தில் அதை அளந்து பார்த்தேன்: 12 மில்லிமீட்டர் வருகிறது. அதாவது 50 மடங்குக்கும் மேலாக மலைகளை உயர்த்தியிருக்கிறார்கள். குறையென்று இதைச் சொல்லவில்லை. புரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். புவியியலே நாடுகளின் தலைவிதி என்று வாதிடுவோர் பலர் மலையையும் ஆற்றையும் இதே போலப் பல மடங்கு உயர்த்திக் காட்டுகிறார்கள். எத்தனை மடங்கு என்பதைச் சொல்வதில்லை. இந்தப் படத்தின் ஓரத்திலும் அந்த விவரம் அச்சிடப்படவில்லை. அச்சிட்டிருக்க வேண்டும்.

படத்தின் சிறப்பு எங்கே வெளிப்படுகிறது என்பதற்குச் சீனாவைக் காட்டுவேன். ஹூ ஹுவான்யோங் என்ற சீனப் புவியியலாளர் 1935இல் தம் நாட்டு வரைபடத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். வடகிழக்கில் ருஷ்ய எல்லையை ஒட்டிய ஹெய்ஹே நகரில் தொடங்கித் தென்மேற்கில் மியான்மர் எல்லைக்கு அருகிலுள்ள தெங்சோங் வரை செல்லும் நேர்கோடு அது. கோட்டுக்குக் கிழக்கே நாட்டு நிலத்தில் 36 சதவீதமும் மக்களில் 96 சதவீதமும் இருப்பதாக அவர் கணக்கிட்டார். அதன் பிறகு போர், புரட்சி, பஞ்சம், தொழில்மயம், கோடிக்கணக்கானோரின் இடப்பெயர்வு என எல்லாம் நடந்து முடிந்தன. இன்றைக்கும் சீனர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்தக் கோட்டின் கிழக்குப் பக்கத்தில்தான் வாழ்கிறார்கள். தையல் நூல் ஒன்றை எடுத்து இரு முனைகளிலும் குண்டூசி குத்தி அந்தக் கோட்டை என் படத்தில் அமைத்தேன். தட்டைப் படத்தில் வெறும் கோடாகத் தெரிந்திருக்கக்கூடிய அது இங்கே தன் காரணத்தைத் தானே சொன்னது. நூலுக்கு மேற்கே கைவைத்தால் திபெத்தியப் பீடபூமியின் விளிம்பும் மங்கோலியப் புல்வெளியின் மேடும் தட்டுப்படுகின்றன. கிழக்கே நகர்த்தினால் சிச்சுவான் வடிநிலம் உள்ளங்கைக் குழி போல இறங்குகிறது, அதைத் தாண்டியதும் யாங்சி, மஞ்சள் ஆறு ஆகியவற்றின் சமவெளிகள் கடல் வரை வழுக்கிச் செல்கின்றன. மழையும் வண்டலும் விளைச்சலும் உள்ள பக்கம் எது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

அதே இடத்தில்தான் படத்தின் போதாமையும் தொடங்குகிறது. யாங்சியும் மஞ்சள் ஆறும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுபவை. வடக்கையும் தெற்கையும் ஒரே ஆட்சியின் கீழ் நெடுங்காலம் கட்டிவைத்ததில் இவற்றைவிட, சுயி அரச மரபினர் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய வாய்க்கால்களை இணைத்து வெட்டுவித்த பெருங்கால்வாய்க்குப் பெரும் பங்கு உண்டு. தெற்கில் விளைந்த நெல் வடக்கிலிருந்த தலைநகருக்கும் எல்லைப் படைகளுக்கும் போய்ச் சேர்ந்தது அதன் வழியாகத்தான். இன்று பெய்ஜிங்கிலிருந்து ஹாங்சோ வரை ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் நீளும் அந்தக் கால்வாய் என் படத்தில் இல்லை. நிலம் தந்தது மட்டும் படத்தில் இருக்கிறது. மனிதர்கள் அதில் வெட்டியது இல்லை.

ஆறுகளை அச்சிட்டிருக்கும் முறைதான் இந்தப் படத்தின் மிகப் பெரிய குறை என்பேன். எல்லா ஆறுகளும் ஒரே தடிமனில் ஒரே நீல நிறத்தில் ஓடுகின்றன. காங்கோ ஆறு நீரளவில் அமேசானுக்கு அடுத்தபடி உலகிலேயே பெரியது. படத்தைப் பார்ப்பவர் நடு ஆப்பிரிக்காவின் உட்பகுதிக்குக் கடலிலிருந்து ஒரு நெடுஞ்சாலை திறந்திருப்பதாகவே நினைப்பார். உண்மையில் கின்ஷாசாவுக்கும் மடாடி துறைமுகத்துக்கும் இடையே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தூரத்துக்கு அந்த ஆறு பாறைகளின் மேல் விழுந்து புரண்டு 270 மீட்டர் அளவுக்கு இறங்குகிறது. கப்பல் எதுவும் ஏற முடியாது. கின்ஷாசாவுக்கு மேலே கிசங்கானி வரை 1,700 கிலோமீட்டர் தூரம் படகு ஓடும் நீர்வழி இருந்தும் அதற்கும் கடலுக்கும் தொடர்பில்லை. 1898இல் மடாடி ரயில்பாதை முடியும் வரை, கடலிலிருந்து உள்ளே போன ஒவ்வொரு மூட்டையும் அந்த இடைவெளியை மனிதர் தலைச்சுமையாகவே கடந்தது. நீராவிப் படகுகளைக்கூடப் பகுதி பகுதியாகக் கழற்றித் தூக்கிச் சென்றார்கள். மிசிசிப்பியோ மினியாபோலிஸ் நகரிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் படகு ஓடும் ஆறு. ஒஹாயோ, மிசூரி, டென்னசி என்று அதில் சேரும் ஆறுகளும் சரக்கு சுமக்கின்றன. அவை பாயும் நிலமும் உலகின் மிகச் செழிப்பான வேளாண் நிலங்களில் ஒன்று. 1803இல் அந்தப் பெருநிலத்தின் மேற்குப் பகுதியை 1.5 கோடி டாலருக்குப் பிரான்சிடமிருந்து வாங்கிய அமெரிக்கா, தன் பரப்பை ஒரே கையெழுத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொண்டது. நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தின் வழியாக உள்நாட்டு விளைச்சல் அனைத்துக்கும் கடல்வாசலும் கிடைத்தது. இந்த இரண்டு ஆறுகளையும் ஒரே கோட்டில் வரைகிற படம், புவியியல் ஒரு நாட்டுக்கு எதைத் தருகிறது என்ற கேள்வியில் பாதியை மறைத்துவிடுகிறது.

இடுக்குகளும் இந்த அளவில் தெரிவதில்லை. வரலாற்றை அடிக்கடி திருப்பியவை மலைகளைவிட மலைகளுக்கு நடுவிலுள்ள வாசல்கள். அப்பலாச்சியன் மலைத்தொடரில் மோஹாக் பள்ளத்தாக்கு என்ற தாழ்வான வழி இருந்ததால்தான் 1825இல் 584 கிலோமீட்டர் நீள ஈரீ கால்வாயை வெட்டி முடிக்க முடிந்தது. பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு டன் ஒன்றுக்கு 100 டாலர் அளவில் இருந்த சரக்குக் கட்டணம் 10 டாலர் அளவுக்கு இறங்கியது. நியூயார்க் மற்ற கிழக்குக் கரைத் துறைமுகங்களை முந்திச் சென்றது. படத்தில் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தால் இடைவெளியே இல்லாத மேடுதான் கைக்குத் தட்டுப்படுகிறது. நம்மூர்ப் பக்கமும் இதே கதைதான்: மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மெல்லிய நெளிவாக இருக்கிறது, கோயம்புத்தூருக்குக் காற்றையும் வணிகத்தையும் கொண்டுவந்த பாலக்காட்டுக் கணவாய் இல்லை. அதன் அகலம் 30 முதல் 40 கிலோமீட்டர். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் வராது என்பதால் தயாரித்தவரைக் குறைசொல்ல முடியவில்லை. அட்டவணையாகச் சில கணவாய்களையும் நீரிணைகளையும் ஓரத்தில் பெரிதாக்கிக் காட்டியிருக்கலாம். அந்த இடத்தை நாட்டுக் கொடிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி இணையதளம். ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவு 1951 முதல் வெளியிட்டுவரும் கணிப்புகளில் 2024 ஜூலை 11 அன்று வந்தது இருபத்தெட்டாம் பதிப்பு. 237 நாடுகளுக்கும் நிலப்பகுதிகளுக்கும் 1950 முதல் 2100 வரை பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு, வயது வாரியான எண்ணிக்கை ஆகியவற்றைத் தருகிறது. 2100 வரையிலான வருங்காலத்துக்கு ஒரே எண்ணைச் சொல்லாமல் நடுத்தரக் கணிப்பு, பெண் ஒருவருக்குச் சராசரியாக அரைக் குழந்தை கூடினால் என்ன ஆகும், அரைக் குழந்தை குறைந்தால் என்ன ஆகும், இடப்பெயர்வே இல்லாமற்போனால் என்ன ஆகும் என்று பலவாறாகவும் பிரித்துக் காட்டுகிறது. விளம்பரம் இல்லை, பதிவு செய்யச் சொல்லவில்லை, தரவை இறக்கிப் பயன்படுத்தத் தடையும் இல்லை. இத்தனை மதிப்புள்ள ஒரு பொருள் இலவசமாகக் கிடைப்பது இன்றைய இணையத்தில் அபூர்வம். குறைகளையும் சொல்லிவிடுகிறேன்: விரிதாள் கோப்புகள் மிகப் பெரியவை, கைப்பேசியில் திறப்பதற்கு ஏற்றவை அல்ல, தலைப்புகளின் பெயர்கள் மக்கள்தொகையியல் படித்தவருக்கு எழுதப்பட்டவை, தமிழ் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

இந்தச் சேவையின் அருமை எனக்குப் புரிந்தது ஜப்பானின் பட்டைகளை வரைந்தபோது. வயது ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் என்ற அட்டவணையை இறக்கி, 2024 ஜனவரி 1 நிலவரத்தை விரிதாளில் மக்கள்தொகைப் பிரமிடாக, அதாவது ஒவ்வொரு வயதினரையும் ஒரு பட்டையாக்கி இளையோரை அடியிலும் முதியோரை மேலேயும் அடுக்கும் படமாக வரைந்தேன். பிரமிடு என்ற பெயர் அந்த நாட்டுக்குப் பொருந்தவே இல்லை. அடி சிறுத்து மேலே பருத்த குடம் போல இருக்கிறது. 57 வயதுக்கான பட்டையில் மட்டும் சட்டென்று ஒரு வெட்டு. அது 1966. சீன, ஜப்பானியப் பஞ்சாங்கத்தில் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நெருப்புக் குதிரை ஆண்டு அது. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகமாட்டாள் என்பது ஜப்பானில் நிலவிய நம்பிக்கை. “பெண் மூலம் நிர்மூலம்” என்று சொல்லிப் பெண்களின் திருமணத்தைத் தள்ளிப்போட்ட நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1965இல் 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்த நாட்டில் 1966இல் 13.6 லட்சம் பேர் மட்டுமே பிறந்தார்கள்; 1967இல் 19.4 லட்சமாக எண்ணிக்கை மீண்டும் ஏறியது. நிலநடுக்கமோ போரோ இல்லாமல் வெறும் நம்பிக்கையால் விழுந்த தழும்பு அது; அந்த ஆண்டில் பிறந்தவர்கள் உயிரோடிருக்கும் வரை ஒவ்வொரு ஆண்டும் ஒரு பட்டை மேலேறிக்கொண்டே போகும். 2026 மறுபடியும் நெருப்புக் குதிரை ஆண்டு என்பது இன்னொரு செய்தி. இம்முறை தழும்பு விழ அங்கே பிறப்புகளே அதிகம் இல்லை: 2024இல் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 6.86 லட்சம்.

சுவர்ப் படத்தில் ஜப்பானைத் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் மேடுதான். நாட்டின் முக்கால் பங்குக்கு நெருக்கமான நிலம் மலை. டோக்கியோவைச் சுற்றிய கான்டோ சமவெளியும் நகோயா, ஒசாகா பக்கச் சிறு சமவெளிகளும் நீங்கலாகத் தட்டையான இடம் அரிது. ஆறுகள் குட்டையானவை, வேகமானவை. இத்தகைய நிலம் பெரிய நாடொன்றைத் தாங்காது என்றுதான் படத்தை மட்டும் நம்புகிறவர் சொல்வார். உள்நாட்டுக் கடல் வழியாகச் சரக்குப் போக்குவரத்து மலிவாக நடந்ததையும், 1868இன் மெய்ஜி ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அரசு பள்ளிக்கும் தொழிலுக்கும் கொடுத்த முதன்மையையும், அவற்றோடு சேர்ந்து வளர்ந்த இளைய மக்கள்தொகையையும் பார்க்கும்போதுதான் கதை பொருந்துகிறது. 1949இல் பெண் ஒருவருக்கு 4.32 குழந்தைகள் என்றிருந்த கருவுறுதல் விகிதம், 1948இன் சட்டம் கருக்கலைப்பை அனுமதித்த பிறகு 1957இல் 2.04 ஆகச் சரிந்தது. உழைக்கும் வயதினர் மிகுதி, வளர்க்க வேண்டிய குழந்தைகள் குறைவு என்ற அந்த இடைவெளிக் காலத்தில்தான் ஜப்பானின் பெரும் பொருளாதார எழுச்சி நிகழ்ந்தது. அதே பட்டைகள் மேலேறி முதுமையை எட்டியதும் கணக்கு தலைகீழானது, 2008இல் 12.8 கோடியைத் தொட்ட மக்கள்தொகை அதன் பின் இறங்கத் தொடங்கியது. இன்று அங்கே 65 வயதைக் கடந்தவர்கள் பத்தில் மூன்று பேருக்குச் சற்றுக் குறைவு. மலைகள் 1957இலும் 2008இலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

கணிப்புகளை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இந்தத் தளத்தின் பழைய பதிப்புகளே சாட்சி. அவற்றையும் அழிக்காமல் வைத்திருப்பது இந்தப் பிரிவின் நேர்மை. 2100இல் சீனாவின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்பதற்கு நடுத்தரக் கணிப்பாக 2019ஆம் ஆண்டுப் பதிப்பு சொன்னது ஏறத்தாழ 106 கோடி. 2022ஆம் ஆண்டுப் பதிப்பு சொன்னது ஏறத்தாழ 77 கோடி. 2024ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்வது 63 கோடி. ஐந்தே ஆண்டுகளில் 40 கோடிக்கு மேற்பட்ட மனிதர்கள் வருங்காலத்திலிருந்து காணாமற்போனார்கள். இதற்குச் சோதிடம் என்று பெயர் சூட்டிச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் காரணம் இருக்கிறது. சீனாவில் 2016இல் 1.79 கோடியாக இருந்த பிறப்புகள் 2023இல் 90 லட்சமாகக் குறைந்தன. ஏழு ஆண்டுகளில் பாதியாகும் என்று யாரும் கணக்கில் கொள்ளவில்லை. இன்னொரு காரணமும் உண்டு: மிகத் தாழ்ந்த விகிதங்கள் காலப்போக்கில் ஓரளவு மீளும் என்பது நடுத்தரக் கணிப்பின் அடிப்படைகளுள் ஒன்று. 2023இல் 0.72 என்ற விகிதத்துக்கு இறங்கிய தென்கொரியாவுக்கும் அது மெல்ல ஏறும் ஒரு கோட்டையே வரைகிறது. ஏறலாம், ஏறாமலும் போகலாம். 2050 வரையிலான எண்களை நான் நம்பிப் பயன்படுத்துகிறேன், ஏனென்றால் அன்றைக்கு 30 வயதைக் கடந்திருக்கப்போகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பிறந்துவிட்டவர்கள். 2100க்கான எண்களை வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஏற்கெனவே பிறந்துவிட்டவர்களைப் பற்றிய கணக்கு எவ்வளவு கறாரானது என்பதற்கும் சீனாவே எடுத்துக்காட்டு. 1959 முதல் 1961 வரையிலான பெரும் பஞ்சம் அந்நாட்டுப் பட்டைகளில் ஆழமான பள்ளமாகத் தெரிகிறது. அதையடுத்து 1963இல் மட்டும் ஏறத்தாழ 3 கோடிக் குழந்தைகள் பிறந்தார்கள். அந்தப் பெருங்கூட்டத்தைச் சேர்ந்த ஆண்கள் 2023இல் ஓய்வு வயதான 60ஐத் தொட்டார்கள். அடுத்த ஆண்டே சீன அரசு ஓய்வு வயதைப் படிப்படியாக உயர்த்தும் முடிவை அறிவித்தது. ஆண்களுக்கு 63, பெண்களுக்கு அவர்கள் செய்யும் வேலையைப் பொறுத்து 55 அல்லது 58. இந்த நிலை வரும் என்பது 1963இன் பிறப்புக் கணக்கு வந்த அன்றே தெரிந்துவிட்ட ஒன்று.

இந்தச் சேவையில் எனக்கு உண்மையிலேயே மனத்தாங்கல் ஏற்பட்ட இடம் வேறு. ஜப்பானின் எண்ணும் காங்கோ ஜனநாயகக் குடியரசின் எண்ணும் ஒரே எழுத்தில், ஒரே துல்லியத்தோடு அடுத்தடுத்த வரிசைகளில் நிற்கின்றன. ஜப்பானில் ஒவ்வொரு பிறப்பும் குடும்பப் பதிவேட்டில் ஏறுகிறது. காங்கோவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக நடந்தது 1984இல். லெபனானில் 1932இல். அதற்குப் பிந்தைய எண்கள் எல்லாம் மாதிரி ஆய்வுகளையும் கணித முறைகளையும் கொண்டு கட்டியெழுப்பிய மதிப்பீடுகள். விளக்கக் குறிப்புகளைத் தேடிப் போனால் இது சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு அடையாளமாவது இருந்திருக்க வேண்டும். காங்கோவின் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 16 வயதுக்கும் குறைந்தவர்கள் என்ற அடிப்படைச் செய்தியை நான் சந்தேகிக்கவில்லை. கடைசி இலக்கம் வரை தெரிந்ததுபோலக் காட்டும் தோரணையைத்தான் சந்தேகிக்கிறேன்.

மற்றொரு குறை, தரவு 1950இல் தொடங்குவது. நாடுகளின் ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இது கதையின் பிற்பாதியை மட்டும் படிக்கக் கொடுப்பதைப் போன்றது. பிரான்சையே எடுத்துக்கொள்வோம். சுவர்ப் படத்தில் ஐரோப்பாவைத் தடவினால் பிரான்சைப் போல வாய்த்த நிலம் வேறு இல்லை என்று தோன்றும்: மூன்று பக்கம் கடல், தெற்கில் பிரனீஸ், தென்கிழக்கில் ஆல்ப்ஸ், நடுவில் செழிப்பான சமவெளி, படகு ஓடும் ஆறுகள். 1800 வாக்கில் ருஷ்யா நீங்கலாக ஐரோப்பாவில் மக்கள் மிகுந்த நாடும் அதுதான். ஆனால் பிரெஞ்சுக் குடும்பங்கள் மற்ற ஐரோப்பியர்களுக்கு மிக முன்னரே, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே குழந்தைகளைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டன. ஜெர்மானியர்களுடனான 1870-71 போரில் தோற்று எல்லைப் பகுதியான அல்சாஸ்-லொரேனை இழந்தபின் 1872இல் எடுத்த கணக்கில் பிரான்சில் 3.6 கோடிப் பேர். புதிதாக ஒன்றிணைந்த ஜெர்மனியில் 4.1 கோடி. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1911இல் பிரான்சில் 3.96 கோடி, ஜெர்மனியிலோ 1910இலேயே 6.49 கோடி. படைக்கு ஆள் சேர்க்கும் வயதில் ஜெர்மனிக்கு இருந்த இந்த மேலதிகத்தை நினைத்துப் பிரெஞ்சுத் தளபதிகளும் அரசியல்வாதிகளும் அஞ்சியதும், அந்த அச்சத்தில் ருஷ்யாவோடு கூட்டணி தேடியதும் ஐரோப்பிய வரலாற்றின் பெரிய முடிச்சுகளுள் ஒன்று. இணையதளத்தில் இதற்கு ஒரு வரி இல்லை. அயர்லாந்தின் பழைய கதையும் இல்லை: 1841இல் 82 லட்சம் பேர் வாழ்ந்த தீவு அது, உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்கும் அதன்பின் தொடர்ந்த புலம்பெயர்வுக்கும் பிறகு இன்று, இரு பகுதிகளையும் சேர்த்தும், 70 லட்சம் அளவில்தான் நிற்கிறது.

இரண்டு கருவிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் பயன் கிடைத்த வேறு சில நாடுகளையும் குறிப்பிடலாம். ருஷ்யாவைப் படத்தில் பார்த்தால் ஓப், யெனிசெய், லேனா என்ற மூன்று பேராறுகளும் மக்கள் வாழும் திசைக்குப் புறங்காட்டி வடக்கே உறைகடலை நோக்கி ஓடுகின்றன. பட்டைகளைப் பார்த்தால் இரண்டாம் உலகப் போரின் பள்ளம், பிறக்காமற்போனவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இல்லாத பள்ளங்களாகத் தலைமுறைக்கு ஒருமுறை எதிரொலிக்கிறது. அமெரிக்காவுக்கு, இடப்பெயர்வே இல்லாத கணிப்பைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்: மிசிசிப்பியின் கொடையெல்லாம் அப்படியே இருக்க, கோடு கீழ்நோக்கித் திரும்புகிறது. அந்நாட்டின் வலிமையில் ஆற்றுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு குடியேற்ற அலுவலகத்துக்கும் உண்டு என்று அந்த ஒரு வரைபடம் சொல்லிவிடுகிறது.

தமிழ் வாசகர் தேடப்போவது இந்தியாவைத்தான் என்பதால் எச்சரிக்கை ஒன்று தேவைப்படுகிறது. இந்தத் தளத்தில் இந்தியா ஒரே பிரமிடு. அது இன்னும் அகன்ற தோளோடு, உழைக்கும் வயதினர் நிறைந்ததாக, நம்பிக்கையூட்டும்படிதான் இருக்கிறது. ஆனால் இந்தியப் பதிவாளர் அலுவலகத்தின் மாதிரிப் பதிவு முறைப்படி 2020இல் பீகாரின் கருவுறுதல் விகிதம் 3.0, தமிழ்நாட்டின் விகிதம் 1.4. இவை ஒரே பிரமிடுக்குள் அடங்கும் எண்கள் அல்ல. ஒன்று ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றின் திசையிலும் மற்றொன்று ஜப்பானின் திசையிலும் நிற்கிறது. மக்களவைத் தொகுதிகளின் மாநிலப் பங்கீட்டை 1976இல் அரசமைப்புத் திருத்தத்தின் மூலம் 1971 கணக்கெடுப்போடு உறையவைத்ததன் பின்னணி இந்த வேறுபாடுதான். அதை இங்கே தேடுகிறவர் ஏமாந்துபோவார்; மாநில வாரியான தரவுக்கு நம் அரசின் வெளியீடுகளையே நாட வேண்டும்.

சுவர்ப் படத்தை யார் வாங்கலாம்? எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடு, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், பள்ளி நூலகம் ஆகியோருக்கு 3,800 ரூபாய் அதிகமில்லை. அரசியல் எல்லைகளையோ ஊர்ப் பெயர்களையோ தேடுகிறவர் அதில் பாதி விலைக்குக் கிடைக்கும் தட்டைப் படத்தை வாங்கிக்கொள்ளலாம். இதில் பெயர்கள் மலைச்சரிவுகளில் நெளிந்து படிக்கச் சிரமமாக இருக்கின்றன. அடுத்த பதிப்பில் படகு ஓடும் ஆறுகளைத் தடித்த கோட்டிலும் மற்றவற்றை மெல்லிய கோட்டிலும் அச்சிடுமாறு தயாரிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. வாங்குவதானால் கொரியரை நம்பாமல் கடைக்கே போய், தட்டையாக வைத்துக் கொண்டுவரும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மாற்றுப் படம் அனுப்பிய விற்பனையாளர் பழையதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அது இன்றும் எங்கள் பரணில் இரண்டு தடித்த அகராதிகளின் அடியில் கிடக்கிறது. இமயமலை இன்னும் நிமிரவில்லை.